மனோவியாதிக்காரருக்கு நாய்த்துணை

(பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டம் ஒன்றில் செய்த பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் நாயைப் பற்றியது. மேடையேறுவதற்கு முன்பாகவே இரண்டொரு தோழர்கள், "சாமியையும் சாஸ்திரத்தையும் பற்றிப் பேசுகிற மேடையில் நாய்க்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். வேலை இருக்கிறது. சாமியும் சாஸ்திரமும் மந்திரவாதியும் ஆயிரக்கணக்கான வருஷங்களாக நம் ஜனங்களிடம் காசு வாங்கிக்கொண்டும் செய்ய முடியாத ஒரு காரியத்தில், நாயானது காசு வாங்காமல் கொஞ்சம் உதவி செய்துகொண்டு வருகிறது. மேல்நாட்டில் இது சட்டத்திலேயே ஏறியிருக்கிறது. இதில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று ஆராய்ச்சிக்காரர்கள் அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நாமும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமென்று கருதுகிறேன்.

முதலில் மனோவியாதி என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். வயிற்றுக்கு வியாதி வருகிறது, மருந்து தேடுகிறோம். கண்ணுக்கு வியாதி வருகிறது. கண் வைத்தியரிடம் போகிறோம். மூளையும் உடம்பிலுள்ள ஓர் உறுப்புதான். அதற்கும் வியாதி வரத்தான் செய்யும். ஆனால் அதற்கு வந்தால் மாத்திரம் பேய் பிடித்தது என்கிறோம், செய்வினை என்கிறோம், குலதெய்வக் குற்றம் என்கிறோம், பூர்வ ஜென்ம பாவம் என்கிறோம். ஆணுக்கு வந்துவிட்டால், "ஒரு கால்கட்டுப் போட்டால் தெளிந்துவிடும்" என்று சொல்லி, ஒன்றுமறியாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து அவன் தலையில் கட்டிவிடுகிறார்கள். பெண்ணுக்கு வந்துவிட்டாலோ, உடுக்கையடித்து, தலைமயிரைப் பிடித்துச் சுழற்றி, வேப்பிலையால் அடித்து, "உன் பேரைச் சொல்லு, எங்கே பிடித்தாய் சொல்லு" என்று பூசாரி பேயை மிரட்டுகிறான். புகுந்த வீட்டில் பட்டினியும் உதையும் பட்டுப் புத்தி கலங்கின பெண் உண்மையான பேரைச் சொல்வதானால் தன் புருஷன் பேரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பேரைத்தான் வாயால் சொல்லக்கூடாது என்று சாஸ்திரம் வைத்திருக்கிறார்களே, அவள் என்ன செய்வாள்?

இதெல்லாம் பழைய கதை, இப்போது யார் இப்படிச் செய்கிறார்கள் என்று சிலர் சொல்லுவார்கள். இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தர்காவில் வைத்தால் பைத்தியம் தெளியும் என்று நம்பிச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மனோவியாதிக்காரர்களைக் கீற்றுக் கொட்டகையில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அங்கே கொண்டுபோய் விடுகிறவர்கள் முஸ்லீம்கள் மாத்திரமல்ல, இந்துக்களும் கிறிஸ்தவர்களுந்தான். இந்த ஒரு விஷயத்தில் நம் ஜனங்களுக்குள் மத வித்தியாசமே கிடையாது! அதற்குப் பிறகுதான் சுப்ரீம் கோர்ட்டு தானாகவே விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், எந்த விதத்திலும் எவரையும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று எழுதவும் செய்தார்கள். மனிதனைச் சங்கிலியில் கட்டாதே என்று 2017-ல் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், நாம் இருக்கிற யோக்கியதை எப்படிப்பட்டது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நிற்க, இனி நாயின் விஷயத்திற்கு வருகிறேன். நாய் நம் தேசத்தில் என்ன பாடுபடுகிறது? மனு தர்மத்தின் மூன்றாம் அத்தியாயத்தைப் பாருங்கள். பார்ப்பான் சாப்பிடும்போது அவனைப் பார்க்கக்கூடாதவர்கள் யார் யார் என்று அதில் ஒரு ஜாபிதா கொடுத்திருக்கிறது. சண்டாளன், பன்றி, கோழி, நாய், வீட்டுக்கு விலக்கான ஸ்திரீ, அலி ஆகிய இத்தனை பேரும் அதில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பத்தாம் அத்தியாயத்திற்குப் போனால், சண்டாளனுக்குச் சொத்து நாயும் கழுதையுந்தான் என்று எழுதி வைத்திருக்கிறது. நாயைத் தாழ்த்தியவர்கள் யார், மனிதனைத் தாழ்த்தியவர்கள் யார் என்று பார்த்தால் இரண்டும் ஒரே கைதான். அப்படியும் நாய்க்கு ஒரு சலுகை இருந்தது. 1924-ல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருவிலே நாய் நடக்கலாம். ஈழவனும் புலையனும் நடக்கக்கூடாது. அந்த அக்கிரமத்தை எதிர்த்துத்தான் பெரியார் அங்கே சென்று இரண்டு தடவை சிறை புகுந்தார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாரதத்தின் முடிவில் தருமன் சொர்க்கத்திற்குப் போகிறபோது ஒரு நாய் கூடவே போகிறதாம். நாயை விட்டுவிட்டு வா என்று இந்திரன் சொல்ல, தன்னை நம்பி வந்ததை விட்டு வரமாட்டேன் என்று தருமன் சொல்லுகிறானாம். இதுவரை கதை நன்றாகத்தான் இருக்கிறது. நானும் ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் கதை எழுதினவனுக்கு மனம் பொறுக்கவில்லை. அது நாயே அல்ல, எமதர்மராஜன் நாய் வேஷம் போட்டுக்கொண்டு வந்தான் என்று முடித்துவிட்டான். நாயை நாயாகவே வைத்து அதற்கு ஒரு நல்ல பேர் கொடுக்க அவனால் முடியவில்லை.

மேல்நாட்டான் மாத்திரம் ஆதியிலிருந்தே யோக்கியனாக இருந்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அவனும் பைத்தியக்காரனைச் சங்கிலியில் கட்டினவன்தான். லண்டனில் பெத்லம் என்ற பைத்தியக்கார ஆஸ்பத்திரியில், 18-ஆம் நூற்றாண்டில், மிருகக் காட்சிசாலைக்குப் போவதுபோல் ஜனங்கள் போய் நோயாளிகளை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் யார்க் என்னும் நகரத்தில் வில்லியம் ட்யூக் என்ற ஒரு தேயிலை வியாபாரி இருந்தார். 1790-ல் அந்த ஊர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில், அவருடைய கூட்டத்தைச் சேர்ந்த ஒரு ஸ்திரீ, கூட்டத்தாரும் பார்க்க முடியாத நிலையில் இறந்து போனாள். அதைக் கேட்டு அவர் சும்மாயிருக்கவில்லை. 1796-ல் "ரிட்ரீட்" என்ற பேரால் ஒரு விடுதியைத் திறந்தார். அங்கே சங்கிலி கிடையாது. நோயாளிகள் தோட்ட வேலை செய்தார்கள். முற்றத்தில் முயல்களையும் கோழிகளையும் பறவைகளையும் வளர்த்து நோயாளிகளைக் கவனிக்கச் செய்தார்கள். ஒரு சிறு பிராணியைக் காப்பாற்றும் பொறுப்புக் கிடைத்தால், தானும் ஒரு மனிதன் என்ற எண்ணம் நோயாளிக்குத் திரும்பி வருகிறது என்று அவர்கள் கண்டார்கள். நோயாளிக்குச் சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று 1860-ஐ ஒட்டி பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் எழுதியிருக்கிறார்.

ஊனமுற்றவருக்கு உதவ நாயைப் பள்ளிக்கூடம் வைத்துப் பழக்குவது என்பது ஐரோப்பிய மகாயுத்தத்தில் தொடங்கிற்று. கண்ணிழந்த சிப்பாய்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளிக்கூடம் 1916-ல் ஜெர்மனியில் ஓல்டன்பர்க் என்ற ஊரில் ஏற்பட்டது. 1929-ல் அமெரிக்காவிலும் அப்படி ஒன்று ஏற்பட்டது. கண் போனவனுக்கு உதவி வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அதே யுத்தத்தில் குண்டுச் சத்தத்தாலும் சாவைப் பார்த்துப் பார்த்தும் மனம் உடைந்துபோன சிப்பாய்களுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? கைகால் நடுங்கினவனையும், பேச்சு நின்றுபோனவனையும் கோழை என்றார்கள். கோழைத்தனம், ஓடிப்போதல் முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் சர்க்கார் தன் சொந்தச் சிப்பாய்களையே சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் மனோவியாதிக்காரர்களாய் இருந்திருக்க வேண்டும் என்பதைத் தொண்ணூறு வருஷம் கழித்து உணர்ந்து, 306 பேருக்கு 2006-ல் மன்னிப்பு வழங்கினார்கள். செத்தவனுக்கு மன்னிப்பு! கண்ணில் பட்ட காயம் காயம், மனத்தில் பட்ட காயம் பாசாங்கு என்ற எண்ணம் அங்கும் இப்படி இருந்தது. அந்த வியாதிக்கு வைத்தியப் புஸ்தகத்தில் இன்றுள்ள பேரைக் கொடுத்ததே 1980-ல்தான்.

மனோவைத்தியத்தில் நாய் நுழைந்த விதம் தற்செயலானது. நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற மனோதத்துவ நிபுணர் இருந்தார். அவருடைய நாய்க்கு ஜிங்கிள்ஸ் என்று பேர். யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன், அந்த நாய் அறையில் இருக்கும்போது அதனிடம் ஒட்டிக்கொண்டு, அதன் மூலமாக அவரிடமும் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தான். இதை 1960-களின் தொடக்கத்தில் அவர் மனோதத்துவ நிபுணர் சபையில் எடுத்துச் சொன்னபோது, "நீர் வாங்குகிற பீசில் நாய்க்கு எவ்வளவு பங்கு?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். படித்தவர்கள் கூடிய சபையிலும் புதிய விஷயத்திற்கு முதலில் கிடைப்பது சிரிப்புத்தான். நம்முடைய இயக்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சரி, இந்த நாய் என்னதான் செய்கிறது? இதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நாய் பக்கத்தில் இருந்தால் சந்தோஷமாயிருக்கும் என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அப்படிச் சும்மா பக்கத்தில் இருக்கும் நாய்க்கு ஆறுதல் நாய் என்று பேர். இது வேறு, துணைநாய் வேறு. துணைநாய் என்றால், ஒரு நோயாளிக்கு இன்ன சமயத்தில் இன்ன காரியம் செய்ய வேண்டும் என்று பழக்கப்பட்டது.

யுத்தத்திலிருந்து திரும்பின ஒருவன் இராத்திரியில் தூங்குகிறான். கனவிலே பழைய குண்டு வெடிக்கிறது. அவன் அலறிப் புரளுகிறான். நாய் கட்டிலின் மேல் ஏறி அவனை முட்டி எழுப்புகிறது. சில நாய்கள் விளக்குச் சுவிட்சையே மூக்கால் தட்டி வெளிச்சம் போடவும் பழகியிருக்கின்றன. கடைவீதியில் கூட்டம் நெருக்குகிறபோது அவனுக்கு மூச்சு முட்டுகிறது. முதுகுக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்ற பயம் வருகிறது. நாய் அவனுக்குப் பின்னால் போய்க் குறுக்கே நின்றுகொண்டு கூட்டத்திற்கும் அவனுக்கும் நடுவே இடம் உண்டாக்குகிறது. பயம் முற்றித் தலை சுற்றினால் வெளிவாசலுக்கு அழைத்துக்கொண்டு போகிறது. உட்கார்ந்துவிட்டால் மடியின்மேல் தன் பாரம் முழுவதையும் வைத்துப் படுத்துக்கொள்ளுகிறது. அந்தக் கனமும் சூடும் உடம்பிலே பட, படபடப்பு அடங்குகிறது. தன் கையையே கீறிக்கொள்ளும் வழக்கமுள்ள ஒரு பெண் கையைத் தூக்கினவுடன், நாய் தன் மூக்கை அந்தக் கைக்கு நடுவில் நுழைக்கிறது. மருந்து சாப்பிடும் வேளை வந்தால் மருந்துப் பையைக் கவ்விக்கொண்டு வந்து, சாப்பிடும்வரை விடாமல் தொந்தரவு கொடுக்கிறது. மனச்சோர்வு என்னும் வியாதி உள்ளவர்கள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள். உலகத்தில் எந்தக் காரியமும் அவர்களை எழுப்பாது. ஆனால் நாய்க்குப் பசிக்கும். அதற்கு வெளியே போகவேண்டும். அதற்காகவாவது எழுந்து, கதவைத் திறந்து, தெருவில் நாலு பேர் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

நம் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. சில மனோவியாதியில், இல்லாத ஆள் இருப்பதாகத் தோன்றும். இல்லாத குரல் காதில் கேட்கும். நாம் இதைத்தான் பேய் என்கிறோம், ஆவேசம் என்கிறோம், சாமி வந்து பேசிற்று என்கிறோம். பக்கத்திலிருப்பவர்கள், "அங்கே ஒருவருமில்லை அப்பா" என்று சொன்னால் நோயாளி நம்பமாட்டான். அவர்களும் சூழ்ச்சியில் சேர்ந்தவர்கள் என்று நினைப்பான். இப்படிப்பட்டவர்களுக்கென்று, "போய்ப் பார்" என்றால் அறையில் ஆள் இருந்தால் மாத்திரம் அவரிடம் போய் வாலாட்டும்படி நாயைப் பழக்குகிறார்கள். மூலையில் யாரோ நிற்பதாகத் தோன்றுகிறது. அவன் நாயை ஏவுகிறான். நாய் மூலைவரை போய்விட்டுத் திரும்பி வந்து அவன் காலடியில் படுத்துக்கொள்ளுகிறது. அங்கே ஒருவரும் இல்லை என்று அவன் தெரிந்துகொள்ளுகிறான். பாருங்கள், நாய்க்குச் சூழ்ச்சி தெரியாது. சாட்சி சொல்லக் கூலி வேண்டாம். சாஸ்திரமும் புராணமும் அது படித்ததில்லை. நம் ஊரில் இராத்திரி நாய் ஊளையிட்டால் எமனைக் கண்டுவிட்டது என்று கதவைச் சாத்திக்கொள்ளுகிறோம். பேய் உண்டு என்பதற்கு நாம் நாயைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம். பேய் இல்லை என்பதற்கு அவர்கள் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் இதிலும் அளவு தப்பி நம்பிவிடக்கூடாது. சுமார் 1904-ல் பெர்லின் நகரத்தில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குப் போடுகிறது என்று தேசமே ஆச்சரியப்பட்டது. கேட்ட கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். 1907-ல் ஆஸ்கார் புங்ஸ்ட் என்பவர் பரீட்சை செய்து பார்த்ததில், குதிரைக்குக் கணக்குத் தெரியவில்லை, கேட்கிறவரின் தலை அசைவைப் பார்த்துக்கொண்டு தட்டுவதை நிறுத்துகிறது என்று கண்டுபிடித்தார். நாயும் நம் முகத்தைப் படிப்பதில் மகா சூரன். எஜமானன் நடுங்கினால் நாயும் மிரளக்கூடும். ஆகையால்தான் இந்தப் பழக்கத்தை மிகவும் ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டும் என்கிறார்கள். தவிரவும், நாய் வந்ததே என்று மருந்தை நிறுத்திவிட்டால் வியாதி முற்றும். கண்ணாடி கண்ணைக் குணப்படுத்துவதில்லை, பார்க்க உதவி செய்கிறது, அதுபோலத்தான் இதுவும்.

இந்தத் திறமையெல்லாம் நாய்க்கு எங்கிருந்து வந்தது? தெய்வ சக்தியா? அப்படி யாராவது சொன்னால் அவனை இந்த மேடைக்கே அழைத்து வாருங்கள். மூக்குத்தான் காரணம். மனிதனுக்குப் பயமோ கவலையோ வந்தால் அவன் வேர்வையிலும் மூச்சிலும் வாசனை மாறுகிறது. நமக்குத் தெரியாது, நாய்க்குத் தெரியும். 2022-ல் பெல்பாஸ்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் இதைப் பரீட்சை செய்தார்கள். 36 பேருக்குக் கஷ்டமான மனக்கணக்கைக் கொடுத்து, கணக்குப் போடுவதற்கு முன்னும் பின்னும் அவர்களுடைய மூச்சையும் வேர்வையையும் எடுத்து, 4 நாய்களை முகர்ந்து பார்க்கச் செய்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல் நாய்கள் சரியாகக் கண்டுபிடித்தன. நாய் மனிதனோடு கூடிவாழ ஆரம்பித்துப் பதினைந்தாயிரம் வருஷமாவது ஆகியிருக்கும். அவ்வளவு காலமாக நம் முகத்தையே பார்த்துப் பிழைத்த ஜந்துவுக்கு நம் மனம் தெரிவதில் அதிசயம் என்ன?

இனி, நாயால் வியாதியே மட்டுப்படுகிறதா என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவில் பழைய சிப்பாய்களின் நலத்தைக் கவனிக்கும் இலாகா, காங்கிரஸ் உத்தரவுப்படி ஒரு பெரிய பரீட்சை நடத்திற்று. யுத்தத்தால் மனம் உடைந்த 181 பேரில் ஒரு பகுதியாருக்குப் பழக்கின துணைநாயும், மற்றவர்களுக்கு ஆறுதல் நாயும் கொடுத்துப் பதினெட்டு மாதம் கவனித்தார்கள். முடிவு 2021 வாக்கில் வெளிவந்தது. அன்றாட வாழ்க்கை வசதியில் இரண்டு கூட்டத்தாருக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் துணைநாய் வைத்திருந்தவர்களுக்கு வியாதியின் குறிகள் கொஞ்சம் அதிகமாய்க் குறைந்தன. தற்கொலை எண்ணமும் குறைவாயிருந்தது. 2024-ல் 156 பேரை வைத்து வெளிவந்த இன்னொரு ஆராய்ச்சியில், நாய் கிடைத்தவர்களுக்கு மூன்றே மாதத்தில், நாய்க்குக் காத்துக்கொண்டிருந்தவர்களைவிட வியாதியின் கடுமை குறைந்திருந்தது. அற்புதம் என்று யாரும் சொல்லவில்லை. "கொஞ்சம்" என்கிறார்கள், "இவ்வளவு" என்கிறார்கள், "இதில் இல்லை" என்றும் ஒப்புக்கொள்ளுகிறார்கள். இதைப்போல் ஒரு கோவிலாவது, ஒரு தர்காவாவது, ஒரு மாதா கோவிலாவது, "எங்களிடம் வந்தவர்கள் இத்தனை பேர், குணமானவர்கள் இத்தனை பேர், ஆகாதவர்கள் இத்தனை பேர்" என்று கணக்குக் காட்டியதுண்டா? உண்டியல் கணக்கையே ஒழுங்காய்க் காட்டாதவர்களிடம் இதை எதிர்பார்க்கலாமா?

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 1990-ல் அங்கவீனர்களுக்காக ஒரு சட்டம் செய்தார்கள். 2011 மார்ச்சில் அமுலுக்கு வந்த விதிகளில், மனோவியாதிக்காரருக்குப் பழக்கின நாயும் குருடருக்குப் பழக்கின நாயும் ஒரே அந்தஸ்து என்று தெளிவாக்கினார்கள். ஓட்டலோ, கடையோ, சினிமாவோ, ஆஸ்பத்திரியோ அந்த நாயைத் தடுக்கக்கூடாது. "இந்த நாய் வியாதியின் காரணமாகத் தேவைப்படுகிறதா? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது?" என்ற இரண்டு கேள்விகளுக்கு மேல் கேட்கக்கூடாது. என்ன வியாதி என்று கேட்கக்கூடாது. சர்ட்டிபிகேட் கேட்கக்கூடாது. எனக்கு நாயென்றால் பயம் என்று கடைக்காரன் சொன்னாலும் செல்லாது. நாய் அடங்காமல் போனாலோ, அசுத்தம் செய்தாலோ மாத்திரம் வெளியேற்றலாம். இந்த உரிமை நாயின் உரிமை அல்ல, மனிதனுடைய உரிமை. நாயை வாசலில் நிறுத்தினால் அவனையே வாசலில் நிறுத்தியதாகும். இதில் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? மத ஸ்தாபனங்களுக்கு! சாப்பாட்டுக்கடைக்காரன் கட்டாயம் உள்ளே விட வேண்டும். மாதா கோவில் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. எந்தத் தேசமானாலும் மதக்காரனுக்கு மாத்திரம் ஒரு சந்து இருக்கத்தான் செய்கிறது.

சந்து இருந்தால் புரட்டும் வரும். சர்ட்டிபிகேட் தேவையில்லை என்று சட்டம் சொல்லியிருக்க, காசுக்குச் சர்ட்டிபிகேட்டும் நாய்க்குச் சட்டையும் விற்கிற வியாபாரிகள் அங்கே கிளம்பினார்கள். ஆறுதல் பிராணி என்று சொல்லிக்கொண்டு கண்டதையெல்லாம் ஆகாய விமானத்தில் ஏற்ற ஆரம்பித்தார்கள். 2018-ல் ஒரு அம்மாள் மயிலையே கொண்டுபோய் நிறுத்தினாள், கம்பெனிக்காரன் ஏற்றவில்லை. (முருகன் அந்த ஊரில் பிறக்காமல் போனது அதிர்ஷ்டந்தான்!) கடைசியில் 2021 ஜனவரி முதல், விமானத்தில் துணைநாய்க்கு மாத்திரம் இடம், ஆறுதல் பிராணி சாதாரண வளர்ப்புப் பிராணியே என்று விதியை மாற்றினார்கள். புரட்டுக்காரர்களால் கஷ்டப்பட்டவர்கள் யார் என்றால், உண்மையான நோயாளிகள்தான். மனோவியாதி கண்ணுக்குத் தெரிவதில்லையாகையால், கையும் காலும் நன்றாயிருக்கிற உனக்கு நாய் எதற்கு என்று அவர்களைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

செலவையும் மறைக்கக்கூடாது. ஒரு நாயைப் பழக்க ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் பிடிக்கிறது. பதினாயிரக்கணக்கான டாலர் ஆகிறது. பழக்க எடுத்துக்கொண்ட நாய்களில் அநேகம் தேறுவதில்லை. காத்திருப்போர் வரிசை வருஷக்கணக்கில் நீளுகிறது. பணக்காரனுக்குச் சுலபமாயும் ஏழைக்குக் கனவாயும் இருக்கிற நிலைமை அங்கும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அவர்கள் ஒரு சட்டம் செய்து, பழைய சிப்பாய்களே நாய்களைப் பழக்கும் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை ஐந்து ஆஸ்பத்திரிகளில் ஏற்படுத்தினார்கள். பழக்குகிற வேலையே அவர்களுக்கு ஒரு வைத்தியமாகிறது என்பது எண்ணம். யார்க் நகரத்து முயலின் கதைதான்! அன்றியும் நாயும் ஒரு ஜீவன். அதற்கு ஓய்வு வேண்டும், வயதாகும், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் செத்துப்போகும். அந்தத் துக்கத்தையும் நோயாளி தாங்கியாக வேண்டும்.

இரண்டு கேள்விச் சீட்டுகள் வந்திருக்கின்றன. "நம் ஊரில் மனிதனுக்கே சோறில்லை, நாய்க்குப் பள்ளிக்கூடமா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். நியாயமான கேள்வி. நாளைக்கே ஊருக்கு நூறு துணைநாய் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த நாட்டான் நோயாளியை மனிதனாக மதித்து, அவனுக்காகக் கடை வாசலையும் விமான வாசலையும் திறந்துவிட்டிருக்கிறான் என்பதைத்தான் காட்டினேன். நம்முடைய 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் மனோவியாதி ஊனங்களில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவனைக் குற்றவாளியாக நினைக்காமல், மனவேதனையில் இருந்தவனாக நினைக்க வேண்டும் என்று 2017-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. சட்டம் இருக்கிறது; கேட்கிற ஆள் வேண்டும்.

இன்னொரு சீட்டில், "என் தம்பிக்குக் காதில் குரல் கேட்கிறது, வீட்டார் கோவிலில் ஒரு மண்டலம் வைக்க வேண்டும் என்கிறார்கள், என்ன செய்வது?" என்று பேர் போடாமல் ஒருவர் எழுதியிருக்கிறார். தோழரே, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜில்லா தலைமை ஆஸ்பத்திரியில் மனநோய் வைத்தியர் இருப்பார். நாளைக் காலையில் தம்பியை அங்கே அழைத்துக்கொண்டு போங்கள். அதற்கு முன்பாக யாரிடமாவது பேச வேண்டுமானால், 14416 என்ற நம்பருக்கு டெலிபோன் செய்யுங்கள். சர்க்கார் 2022-ல் ஏற்படுத்தியது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். குரல் கேட்கிறது என்று அவன் சொல்லும்போது அடிக்கவும் வேண்டாம், கேலி செய்யவும் வேண்டாம். அவனுக்கு அது மெய்யாகவே கேட்கிறது. வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்து அதனிடம் அவன் பிரியமாயிருந்தால், அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு அவனோடு இருக்க விடுங்கள். வீட்டார் பிடிவாதம் செய்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நானும் இன்னும் இரண்டு தோழர்களும் உங்கள் வீட்டுக்கு வந்து பேசுகிறோம்.